திரும்பிப் பார்க்காமல் காட்டிய கை

பெயர்: லட்சுமிநாராயணன். தகப்பனார் பெயர்: துளசிராம். வயது: 47. தொழில்: சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் குழாய் மொத்த வியாபாரம். விலாசம்: கதவு எண் 14, மூன்றாவது குறுக்குத் தெரு, யானைமலை நகர், ஒத்தக்கடை, மதுரை. கூடுதல் வாக்குமூலம் பதிவு செய்த நாள்: 09.01.2026, வெள்ளிக்கிழமை, காலை 10.40 மணி.

நான் மேற்கண்ட விலாசத்தில் என் மனைவி ஸ்வப்னாவுடன் குடியிருந்து வருகிறேன். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும். 28.12.2025 ஞாயிற்றுக்கிழமை காலை திருவாதவூர் சாலையில் நடந்த விபத்து குறித்து அன்றைய தினமே இந்தக் காவல் நிலையத்தில் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்துள்ளேன். அதில் இரண்டு வரிகள் பொய். மற்றவை உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அந்த மீதிப் பாதியைச் சொல்லவே இன்று நானாக வந்திருக்கிறேன். ஏட்டு கருத்தக்கண்ணன் அவர்கள் என்னை உட்காரச் சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சொல்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு எனக்குச் சர்க்கரை இருப்பதாக டாக்டர் சொன்னதன் பேரில் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தேன். சர்க்கரை இறங்கியது, வேறு ஒரு வியாதி தொற்றிக்கொண்டது. ஒரு நாள் காலை ஓட்டாவிட்டால் அன்று முழுக்கக் கடையில் என் கால் ஓரிடத்தில் நிற்காது. கல்லாவுக்கும் சரக்குக் கிட்டங்கிக்கும் சும்மாவே நடந்துகொண்டிருப்பேன். மார்கழியும் தையும் வந்துவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்குத் தலைகால் புரியாது. வெயில் ஏற எட்டு மணி ஆகும், கிராமத்து ரோடுகளில் ஆள் நடமாட்டம் இருக்காது, கண்மாய்களில் தண்ணீர் கிடக்கும். ‘விடியல் பெடல்’ என்ற பெயரில் வாட்ஸ்அப் குழு ஒன்று வைத்திருக்கிறோம். பதினான்கு பேர் இருக்கிறார்கள். அதற்கு நான்தான் அட்மின்.

இந்த வழக்குக்கு அவசியம் என்பதால் ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்ல வேண்டும். நாங்கள் ஒருவர் பின் ஒருவராக ஒட்டி ஓட்டுவோம். முன்னால் போகிறவர் காற்றை முழுவதும் வாங்குவார். பின்னால் வருகிறவருக்கு அவர் முதுகு மறைப்பாக இருக்கும். முன்னவர் களைத்துவிட்டால் வலது கையை இடுப்புக்குக் கீழே இறக்கிப் பின்னாலிருந்து முன்னால் இரண்டு தடவை வீசுவார். ‘என்னால் முடியவில்லை, நீ முன்னால் வா’ என்று அர்த்தம். பின்னவர் வலது பக்கமாக ஏறி முன்னால் போய்விடுவார். கை வீசுவதற்கு முன் ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது குழுவின் விதி. அந்த விதியை எழுதிப் போட்டவன் நான். கடைசியில் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தேன்.

இதே கைவீச்சுக்கு ரோட்டில் வேறு அர்த்தம் உண்டு. முன்னால் போகும் லாரிக்காரரோ டிராக்டர்காரரோ வலது கையை வெளியே விட்டு இப்படி வீசினால், ‘எதிரில் வண்டி இல்லை, ஏறிப் போ’ என்று அர்த்தம். இது எல்லோருக்கும் தெரியும். காரில் போகும்போது முன்பின் தெரியாதவர்களின் கையை நம்பி நானே பல தடவை ஏறிப் போயிருக்கிறேன். சைக்கிளில் உட்கார்ந்தால் மட்டும் அது எனக்கு மறந்துவிடுகிறது.

இந்த வழக்கில் எதிரியாகச் சேர்க்கப்பட்டுள்ள ஜெயபாண்டி, வயது 38, குட்டியானை வண்டியில் கிராமங்களில் பால் எடுத்து ஒத்தக்கடைக்குக் கொண்டு வருபவர். அவரை முன்பின் பார்த்ததில்லை என்று என் முதல் வாக்குமூலத்தில் சொல்லியிருந்தேன். அது முதல் பொய். விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு, 14.12.2025 அன்று, அதே ரோட்டில் அவர் எங்களுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடித்தார். நான் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, “இம்புட்டு ரோடு கெடக்கு, காதுக்குள்ள வந்தா ஹாரன் அடிப்ப? பதறி விழுந்தா யாருய்யா பொறுப்பு?” என்று கத்தினேன். அவர் வண்டியை விட்டு இறங்கி, “தப்புத்தாண்ணே. இனிமே அடிக்க மாட்டேன். நீங்க எப்ப வழி விடுறீகளோ அப்பப் போறேன்” என்றார். எனக்கு அன்று மிகவும் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைக் குழுவிலும் எழுதிப் போட்டேன்.

28.12.2025 அன்று காலை நாலரை மணிக்கு எழுந்தேன். பனி அதிகமாக இருந்ததால் என் மனைவி காதை மூடும் கம்பளிக் குல்லாவை என் தலையில் மாட்டி, அதன் மேல் ஹெல்மெட்டையும் மாட்டிவிட்டார். குல்லா போட்டிருந்ததையும் முதல் வாக்குமூலத்தில் நான் சொல்லவில்லை. அதன் பிறகு புறப்பட்டு திருமோகூர் விலக்கில் உள்ள டீக்கடைக்கு ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்று குழுவில் சூரியபிரகாஷ் ஒருவர் மட்டும் வந்திருந்தார். அவருக்கு வயது 31. உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஒத்தக்கடையில் அறை எடுத்துத் தங்கி ஒரு தனியார் கல்லூரியில் லேப் உதவியாளராக வேலை பார்க்கிறார். அவர், “பனி ரொம்பக் கெடக்குண்ணே, ஒரு டீயக் குடிச்சிட்டு வெளுத்ததும் போவோம்” என்றார். நான் கேட்கவில்லை. “வாய்யா மாப்ள, மிதிச்சாத் தானாச் சூடு வரும்” என்றேன். முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் சராசரி வேகம் மணிக்கு இருபத்தொன்பது புள்ளி ஆறு என்று போன் காட்டியது. முப்பதுக்குக் குறைந்த அந்தப் புள்ளி நாலு ஒரு வாரமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. அவருடைய டீ அதனால்தான் போயிற்று.

அதன் பிறகு திருமோகூர் தாண்டித் திருவாதவூர் போகும் ரோட்டில் நான் முன்னாலும் அவர் பின்னாலுமாக ஓட்டிச் சென்றோம். இரு பக்கமும் வயல். கண்மாய்க் கரை ஏறியதும் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. சூரியபிரகாஷ் இரண்டு தடவை, “நான் முன்னாடி வரவாண்ணே?” என்று கேட்டார். குல்லாவுக்குள் அரைகுறையாகத்தான் கேட்டது, இருந்தாலும் கேட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். சின்ன வயசுக்காரன் முன்னால் களைத்ததாகக் காட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதன் பிறகு போனில் எண் குறைய ஆரம்பித்தது. முப்பதிலிருந்து இருபத்தொன்பதுக்கு இறங்கியதைப் பார்த்ததும், திரும்பிப் பார்த்தால் இன்னும் இறங்கிவிடும் என்று நினைத்து, பின்னால் பார்க்காமலே வலது கையை இறக்கி இரண்டு தடவை வீசினேன். அப்போது மணி ஆறரை இருக்கும்.

எங்களுக்குப் பின்னால் மேற்படி ஜெயபாண்டி அரை கிலோமீட்டராக வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நான் சொல்லியிருந்தபடி அவர் ஹாரன் அடிக்கவில்லை. நாங்களாக வழி விடட்டும் என்று மெதுவாகப் பின்னால் வந்திருக்கிறார். நான் கூப்பிட்டது ஒருவரை. என் கையைப் பார்த்து ஒரே நேரத்தில் இரண்டு பேர் வலது பக்கம் ஏறினார்கள். வண்டியின் இடது முனை சூரியபிரகாஷின் சைக்கிளில் தட்டியது. எனக்குச் சத்தம்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது சைக்கிளின் முன் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் ரோட்டில் கிடந்தார்.

ஜெயபாண்டி ஓடவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கி, ஒன்பது பால் கேன்களையும் ரோட்டோரம் இறக்கி வைத்து இடம் பண்ணி, தன் போர்வையை விரித்தார். நாங்கள் இருவருமாகச் சூரியபிரகாஷைத் தூக்கிப் படுக்க வைத்தோம். நான் பின்னால் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கேன்கள் அங்கேயே கிடந்தன. ஜெயபாண்டி அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வழி முழுக்க, “பேச்சுக் குடுத்துக்கிட்டே வாங்கண்ணே, தூங்க விட்றாதீக” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் தொடை எலும்பு முறிந்திருப்பதாகச் சொன்னார்கள்.

அதன் பிறகு ஆஸ்பத்திரி வாசலில் ஜெயபாண்டி என்னிடம் வந்து, “அண்ணே, நீங்க கையக் காட்டுனீகள்ல?” என்று கேட்டார். சண்டைக்கு வந்த குரல் இல்லை. தான் பார்த்தது சரிதானா என்று கேட்ட குரல். நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனேன். போனில் யாரும் இல்லை.

அன்று மதியம் இதே நிலையத்தில் என்னிடம், “கை காட்டியதாக ஓட்டுநர் சொல்கிறாரே?” என்று கேட்கப்பட்டது. நான் கை எதுவும் காட்டவில்லை என்று சொன்னேன். அது இரண்டாவது பொய். அங்கே நின்ற ஒருவர், டிரைவர்கள் வழக்கமாகச் சொல்வதுதான் என்று சிரித்தார், நானும் சிரித்தேன். ஓட்டுநர் ஹாரன் அடிக்காமல் வந்தார் என்றும் எழுதச் சொன்னேன். ஏன் அடிக்கவில்லை என்பதை எழுதச் சொல்லவில்லை. அதன் பேரில் அவர் மீது வழக்குப் பதிவானது. வண்டி நிலைய வளாகத்தில் நிற்கிறது. அவருடைய பால் லைனை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டதாகவும், லைசென்ஸை நிறுத்தி வைக்க எழுதப்போவதாகவும் கேள்விப்பட்டேன்.

சூரியபிரகாஷுக்கு எல்லாம் தெரியும். என் கையைப் பார்த்துத்தான் அவர் ஏறினார். ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது, “போலீஸ் கேட்டாக, எனக்கு ஞாபகமில்லன்னு சொல்லிட்டேன். நீங்க சொன்னதுதாண்ணே, அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதன் பிறகு நான்கு நாள் காலை சைக்கிளை எடுத்தேன். நான்கு நாளும் கண்மாய்க் கரை வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். வீட்டிலும் கடையிலும் நடந்துகொண்டே இருந்தேன். என் மனைவி எங்கள் பேச்சில், ஒன்று உட்கார் அல்லது என்னவென்று சொல் என்று சத்தம் போட்டார். சொல்லவில்லை.

07.01.2026 புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணி அளவில் ஜெயபாண்டியின் மனைவி தாமரைச்செல்வி சிம்மக்கல்லில் உள்ள என் கடைக்கு வந்தார். கடையில் வாடிக்கையாளர்கள் இருந்ததால் அவர்கள் போகும் வரை ஓரமாக நின்றார். அதன் பிறகு அருகில் வந்து, “நான் சண்டைக்கு வரலண்ணே. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். நீங்க கையக் காட்டுனதா அவுக சொல்றாக. காட்டுனீகளா, இல்லையா? காட்டலன்னா நான் அவுகளத்தான் கேக்கணும். கல்யாணமாகிப் பதினோரு வருசத்துல அவுக எங்கிட்டப் பொய் சொன்னதில்ல” என்றார். நான், “காட்டலம்மா” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரிண்ணே, வாரேன்” என்று சொல்லிப் படி இறங்கிப் போனார். போலீசிடம் பொய் சொன்னபோது எனக்குப் பயம் இருந்தது. அந்த அம்மாவிடம் சொன்னபோது எந்தப் பயமும் இல்லை, சரளமாக வந்தது. அதுதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. நேற்று இரவு என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தக் கம்பளிக் குல்லாவை எடுத்து என் பையில் வைத்தார். அதை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

யாராவது மிரட்டியோ பணம் கொடுத்தோ இப்படிச் சொல்கிறீர்களா என்று ஏட்டு கேட்டார். இல்லை என்றேன். இதனால் என் மீதே வழக்கு வரலாம் என்பது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அதன் பிறகு, கையை எப்படிக் காட்டினீர்கள், செய்து காட்டுங்கள் என்றார். நான் மேஜையைப் பார்த்து நின்றபடி வலது கையை இறக்கிப் பின்னாலிருந்து முன்னால் இரண்டு தடவை வீசிக் காட்டினேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால், வாசல் பெஞ்சிலிருந்து யாரோ எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. “போகலாமாண்ணே?” என்று ஒரு குரல் கேட்டது.

இந்தத் தடவை திரும்பிப் பார்த்தேன். ஜெயபாண்டி நின்றுகொண்டிருந்தார். வண்டியைக் கேட்டுத் தினமும் காலையில் வந்து உட்காருகிறாராம். நான் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை, என் கையை மட்டும் பார்த்திருக்கிறார். அவரைப் போகச் சொல்ல வாக்குமூலம் கொடுக்கும் எனக்கு அதிகாரம் இல்லை என்றும், இதை எழுத வேண்டியதில்லை என்றும் ஏட்டு சொன்னார். எழுதுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன். அதன் பிறகு ஜெயபாண்டியிடம், “ஆமாய்யா. அன்னைக்கும் போகலாம்னுதான் காட்டுனேன். வீட்ல போய்ச் சொல்லு” என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதே பெஞ்சில் திரும்ப உட்கார்ந்தார். நானும் ஏட்டு காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இதில் உள்ள ஒவ்வொரு வரியும் நானாகச் சொன்னது. ஏட்டு வாசிக்க, உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். திருத்த எதுவும் இல்லை. 28.12.2025 அன்று பொய்யின் கீழ் கையெழுத்திட்ட அதே வலது கையால் இதன் கீழும் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
து. லட்சுமிநாராயணன்