தங்கமணியின் கட்டிலிலிருந்து கழற்றிய மெஷின்

என் பெயர் திம்மராயன், வயது 41, தகப்பனார் பெயர் முனியப்பா, கெலமங்கலம் பேரூராட்சி, சந்தைமேட்டுத் தெருவில் என் மனைவி தங்கமணியுடன் குடியிருந்து வருகிறேன். குத்தகை நிலத்தில் ரோஜா போட்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் பூ லோடு அனுப்புவது என் தொழில். தங்கமணி மூக்கண்டப்பள்ளியில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்து வந்தாள். எங்கள் வீட்டில் தெலுங்கும் தமிழும் பேசுவோம். என்மீது இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை.

தங்கமணிக்கு மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் விடாமல் இருந்து, பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்ததால் ஓசூரில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வலது நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டி தோல்போல் இறுகிவிட்டது, நெஞ்சைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, விலாவில் குழாய் வைத்து அவளை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அதன் பிறகு மயக்க மருந்து டாக்டர் பிரியதர்ஷினி அம்மா வந்து, கட்டில் அருகே ஸ்டாண்டில் ஒரு சின்ன மெஷினை மாட்டினார். பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் மருந்து ஊசி இருந்தது. அதிலிருந்து ஒரு ஒயரும் அதன் நுனியில் ஒரு பட்டனும் வந்தன. டாக்டர் அந்தப் பட்டனைத் தங்கமணியின் கையில் கொடுத்து, "வலிக்கும்போது நீங்களே அழுத்திக்கோங்கம்மா. எத்தன தடவ அழுத்தினாலும் அளவுக்கு மேல மருந்து போகாது," என்றார். என்னிடம், "நீங்க பாவம்னு அழுத்திடாதீங்க. அவங்க தூங்கினா கை தானா நின்னுடும், அதான் பாதுகாப்பு," என்றார். வலி குறைந்தால்தான் இருமுவாள், இருமினால்தான் சளி வெளியே வந்து நுரையீரல் விரியும், இருமாவிட்டால் மறுபடியும் ஆபத்து என்றும் விளக்கிச் சொன்னார்.

தங்கமணி பட்டனை அழுத்தினாள், மெஷின் ஒரு சத்தம் கொடுத்தது. சற்று நேரம் கழித்து, தையல்மேல் தலையணையை நான் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவள் இருமினாள். சளி வந்தது. "காத்து கீழ வரைக்கும் போவுதுங்க," என்று சொல்லிச் சிரித்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் படுத்துத் தூங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் மதியம் வார்டு இன்சார்ஜ் ஹரீஷ்குமார் வந்தார். இன்னொரு மெஷின் ரிப்பேர் ஆகிவிட்டது, விபத்தில் சிக்கிய ஒரு பையனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து கத்திக்கொண்டிருக்கிறான், அவனுக்கு இது வேண்டும், நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள், உங்கள் சம்சாரத்துக்கு ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். நான், "டாக்டரம்மா சொன்னாங்களா சார்?" என்று கேட்டேன். அவர், "நான் என்ன பண்ணட்டும், மேல இருந்து சொல்றாங்க," என்றார். தங்கமணி பட்டனை விடாமல் பிடித்திருந்தாள். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார். முரட்டுத்தனமாக எடுக்கவில்லை என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

அதன் பிறகு மருந்தின் வேகம் குறையக் குறைய அவளுக்கு வலி ஏறியது. நெஞ்சை அசைக்கப் பயந்து மேல்மூச்சாக, சின்னச் சின்னதாக இழுத்தாள். தொண்டையில் சளி கொறகொறவென்று கேட்டது, இருமச் சொன்னால் தலையை ஆட்டி மறுத்தாள். வலி மிஞ்சினால் அவளுக்குத் தமிழ் வராது. "அம்மா, நொப்பி, நொப்பி," என்று செத்துப்போன தன் தாயைத் தெலுங்கில் கூப்பிட்டாள். நொப்பி என்றால் வலி. நான் நர்ஸ் ஹரிணியிடம் ஊசி கேட்டேன். அது பூட்டி வைக்கும் மருந்து, டாக்டர் உத்தரவு இல்லாமல் எடுக்க முடியாது என்றார். டாக்டர் பிரியதர்ஷினி கர்நாடகப் பக்கம் வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனில் இருந்ததால் போனை எடுக்கவில்லை. டியூட்டி டாக்டர் கீழே விபத்துக் கேசுகளில் இருந்துகொண்டு, மயக்க டாக்டர் வரட்டும் என்று சொல்லி அனுப்பினார். ஹரிணி என் கண் முன்னாலேயே மறுபடியும் மறுபடியும் போன் போட்டார். "ஆக்சிஜன் கொறஞ்சிட்டே வருதுண்ணா. நானா அந்த ஊசிய போட்டு மூச்சு நின்னுட்டா என்ன பண்றது?" என்று அழுதார். அவர்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை.

தங்கமணியின் உதடு கருநீலமாக மாறியது. அதைப் பார்த்ததும் நான் அந்த மெஷினைத் தேடிக்கொண்டு வராண்டாவில் ஓடினேன். கடைசி அறையில் இருந்தது. கட்டிலில் படுத்திருந்த பையன் பெயர் ஷோயப், அவன் தாயார் பெயர் ஹமீதுன்னிசா என்பது பிறகுதான் தெரியும். நான் நேரே போய் ஸ்டாண்டைப் பிடித்தேன். அந்த அம்மா பதறி எழுந்து, "அய்யோ அதத் தொடாதீங்க தம்பி, இப்பதான் கத்தறத நிறுத்துனான்," என்றார். "இது எம் பொண்டாட்டிக்குப் போட்டது. அவகிட்டருந்து புடுங்கிட்டு வந்துட்டாங்க. அங்க அவ சாவுறா," என்று கத்தினேன். அவர் மெஷினைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எங்களுக்குத் தெரியாதுப்பா. யாரோ கொண்டாந்து மாட்டுனாங்க," என்று சொல்லிவிட்டுக் கட்டிலை விட்டு ஒதுங்கி நின்றார். "எடுக்கறதுன்னா எடுத்துக்கோங்க. தடுக்க எங்கிட்ட தெம்பு இல்ல," என்றார்.

பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. கண்ணை மூடியபடியே கட்டைவிரலால் பட்டனை அழுத்தினான். மெஷின் சத்தம் கொடுத்தது, அவன் நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் தளர்ந்தது. என்னால் எடுக்க முடியவில்லை. கையை எடுத்துவிட்டு அங்கேயே சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். அந்த அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வாங்க, உங்க ஊட்டம்மா எங்க இருக்காங்க, நான் பாத்துக்கறேன், நீங்க போயி ஆள கூட்டிட்டு வாங்க," என்று என்னுடன் வந்து, தங்கமணியின் தலையை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

அதன் பிறகு நான் ஹரீஷ்குமாரைத் தேடிப் போனேன். அவர் மருந்து வைக்கும் அறைக்குள் நின்றிருந்தார். அலமாரிச் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. அவர் காலில் விழுந்தேன். "சாயந்தரம் டாக்டர் வந்துடுவாங்க, எந்திரிங்க," என்று சொல்லி வெளியே வரப் பார்த்தார். அப்போதுதான் நான் எழுந்து வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். அவர் கை கதவு நிலையில் இருந்ததும், விரல் இடுக்கில் நசுங்கியதும் அவர் அலறிய பிறகுதான் எனக்குத் தெரியும். திறக்காமல் கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். "மருந்து உள்ள இருக்குது, போனும் உங்ககிட்ட இருக்குது. டாக்டரக் கேட்டு மருந்தோட வாங்க சார். இல்லன்னா அவ போயிட்டான்னு தெரிஞ்சப்புறம்தான் தொறப்பேன்," என்றேன். செக்யூரிட்டி இரண்டு பேர் என்னை அடித்து இழுத்தார்கள். நான் அவர்களைத் திருப்பி அடிக்கவில்லை, தாழ்ப்பாளை மட்டும் விடவில்லை.

உள்ளே ஹரீஷ்குமார் போன் பேசுவது கேட்டது. டாக்டரின் நம்பர் கிடைக்காததால் அவர் இருந்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டருக்கே போன் போட்டு, அவசரம் என்று கன்னடத்தில் கெஞ்சி டாக்டரைக் கூப்பிட வைத்தார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் டாக்டர் பேசியது கதவுக்கு வெளியேயும் கேட்டது. "யாரக் கேட்டு மெஷினக் கழட்டுனீங்க?" என்று சத்தம் போட்டார். வலியால்தான் மூச்சை இழுக்காமல் இருக்கிறாள், ஆக்சிஜன் மாஸ்க் வைத்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், பக்கத்திலேயே நின்று மூச்சைப் பாருங்கள், டியூட்டி டாக்டரை நான் மேலே அனுப்புகிறேன் என்றார். ஹரீஷ்குமார், "தொறங்க, மருந்து எடுத்துட்டேன்," என்றார். நான் திறந்தேன். அவர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. ரத்தம் வழிந்த விரலில் பஞ்சைச் சுற்றிக்கொண்டே ஓடி வந்து, டியூட்டி டாக்டர் பக்கத்தில் நிற்க, தன் கையாலேயே தங்கமணிக்கு மருந்தை ஏற்றினார்.

அதன் பிறகு அவள் மேல்மூச்சு கொஞ்சம் தணிந்தது. ஹமீதுன்னிசா அம்மாள் அவள் முதுகைத் தாங்கிப் பிடிக்க, மெல்ல இருமினாள். இருட்டுவதற்குள் டாக்டர் பிரியதர்ஷினி வந்து, வெளியிலிருந்து வேறொரு மெஷினை வரவழைத்து மாட்டினார். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப் போயிருக்கிறது, காய்ச்சலும் திரும்பிவிட்டது, ஆனால் தொண்டையில் குழாய் போட்டு மூச்சு கொடுக்க வேண்டிய ஆபத்தைத் தாண்டிவிட்டாள், பிழைத்துக்கொள்வாள் என்று சொன்னார். அதைக் கேட்டு முடிப்பதற்குள் ஆஸ்பத்திரி நிர்வாகம் கொடுத்த புகாரின் பேரில் காவலர்கள் வந்து என்னை நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள்.

ஹரீஷ்குமாரை அடைத்து வைத்ததும், அவர் விரல் முறிந்ததும் என்னால்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். விரலுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கதவைப் பூட்டியதற்கு வருந்துகிறாயா என்று ஆய்வாளர் அவர்கள் கேட்டதற்கு, ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை என்று சொன்னேன்.

என்னை ரிமாண்டுக்கு அனுப்புவதானால் தடுக்க எனக்கு வழியில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் எங்கே என்று தங்கமணி கேட்டால், பூ லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் போயிருக்கிறேன், வண்டி பிரேக் டவுன் ஆகி நிற்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். போலீஸ் என்று தெரிந்தால் அவள் அழுவாள். அழுதால் தையல் இழுக்கும்.

மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதி எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. கூட்டியதோ மறைத்ததோ எதுவும் இல்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) மு. திம்மராயன்

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) காவல் ஆய்வாளர்