பிரபுவின் காலடியில் ஒரு நாய்

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். சோளக்காட்டுச் சந்தையில் மருந்து கொடுக்கும் பிரெஞ்சுப் பாதிரியார் முன்னால் பல்வலியோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு மலைக்காரர், காய்ச்சல் கண்ட சின்னப் பெண்ணைத் தோளில் போட்டிருந்தார்.

“குழந்தையின் அப்பா பேர்?” என்றார் பாதிரியார்.

“அப்பன் நாந்தானுங்க. பெத்தவன் வாசலூர்பட்டிக்காரனுங்க.”

பாதிரியாரின் பேனா நின்றுவிட்டது.

“எம் பொஞ்சாதி நாலு வருசம் அவங்கூடப் போயி இருந்தாளுங்க. போன ஆடியில இவள இடுப்புல வெச்சுக்கிட்டுத் திரும்பி வந்தா. எங்க பொறந்தாலும் புள்ள கட்டுனவனுக்குத்தானுங்க. எங்க மலை வழக்கம் அது.”

பாதிரியார் மருந்தைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: “எங்கள் ஊரில் பல நூறு வருசத்துக்கு முன்னால் ஒரு பிரபு இருந்தார். கோட்டை, குதிரைகள், ஏழு தலைமுறைப் பெருமை. சண்டைக்குப் போய்ச் சிறைப்பட்டு, ஒருவழியாக வீடு திரும்பினால், மனைவி கையில் வேறொருவன் பிள்ளை. இரண்டு பேரையும் விரட்டிவிட்டார். அவரோடு வம்சம் முடிந்தது. கல்லறை மேல் அவரைச் சிலையாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். காலடியில் ஒரு நாய், அதுவும் கல்.”

“நாய் மட்டுந்தானுங்களா?”

“நாய் மட்டும்தான்.”

“அடப் பாவமே! ஊடு தேடி வந்த புள்ளையப் போயி வேண்டாம்னுட்டாரே.”

கசப்பு தாங்காமல் குழந்தை மருந்தைத் துப்பியது. மலைக்காரர் தன் துண்டால் அதன் வாயைத் துடைத்தார்.

“முழுங்கு கண்ணு. அப்பன் இருக்கேன்ல.”

பாதிரியார் நோட்டை இழுத்து வைத்து, மறுபடி அப்பா பேரைக் கேட்டார். இந்தத் தடவை பேனா நிற்கவில்லை.