சிவந்த லேபிள்

நான் மீன் சாப்பிடுவதில்லை ஐயா. அந்தக் கவிச்சி சின்ன வயதிலிருந்தே ஒத்துக்கொள்ளாது. எண்ணூரில் மீன் பேக் செய்யும் கொட்டகைக்கு சூப்பர்வைசராக இருந்துகொண்டு இதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள்.

எனக்கு மூக்கு தேவைப்படவில்லை. பெட்டிக்கு ஒரு நானோ லேபிள் ஒட்டுவோம். அதில் பூசிய துகள் கண்ணுக்கே தெரியாது. மீன் கெட்டு அமோனியா கிளம்பினால் பச்சை லேபிள் சிவந்துவிடும். சிவந்த பெட்டியைக் கடைக்காரன் தொடமாட்டான். போன மாதம் ஒரு லோடு அப்படித்தான் திரும்பி வந்தது. "இன்னொரு தபா சேப்பு பாத்தேன், நீ வூட்டோட இருந்துக்க" என்றார் முதலாளி.

அன்று காலை பத்து மணிக்கு எண்பது பெட்டியும் ஒன்றாகச் சிவந்தன. விடிகாலையில் காசிமேட்டில் இறங்கிய வஞ்சிரம் அதற்குள் எப்படிக் கெடும்? பக்கத்துத் தொழிற்சாலையில் அமோனியாக் குழாய் கசிகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இதை நான் மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே சொக்கம்மாள், ரேகா, கார்குழலி, மூன்று பேர்.

"இன்னா சார், மூக்கு இந்த எரி எரியுது?" என்றாள் சொக்கம்மாள்.

"எண்ணூர்ல என்னிக்குக்கா எரியல?" என்றேன். சிரித்தாள், பாவம். துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டார்கள். அங்கே அது வழக்கம்தான், வாரத்துக்கு இரண்டு நாளாவது கட்டுவார்கள்.

பழையதை உரித்துப் புது லேபிள் ஒட்டச் சொன்னேன். அது சிவக்க நேரமாகும், அதற்குள் சரக்கு தூரம் போய்விடும். நாற்பது பெட்டியை வேனில் ஏற்றியதும் கார்குழலிக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"நான் போறேன் சார். கொயந்த தனியா கீது."

மீதி நாற்பதை யார் ஒட்டுவது? ஷட்டரை இறக்கி வெளியே பூட்டினேன். கெட்ட காற்று வெளியேதானே இருந்தது, உள்ளே வராமல் இருக்கட்டுமே என்றுதான். தட்டினார்கள். வேன் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. "தொற சார், தொற சார்" என்பது மட்டும் கேட்டது.

திருவொற்றியூர் தாண்டும்போது சொக்கம்மாள் போன் செய்தாள். ஏழு தடவை. வண்டி ஓட்டும்போது நான் போன் எடுப்பதில்லை.

வண்ணாரப்பேட்டையில் சரக்கை இறக்கிவிட்டு ஒரு மணிக்குத் திரும்பினேன். ஷட்டரைத் தூக்கினால் மூவரும் வாசலோரம், தரையில் முகம் புதைத்துக் கிடந்தார்கள். ரேகாவின் விரலில் ஒரு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான்தான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. அன்றைய சரக்கில் ஒரு மீன்கூடக் கெட்டுப்போகவில்லை.