கண்டதோ, கேட்டதோ

— உன்ர கதை பிறகு, ஜபருல்லா. முதல்ல நான் சொல்லுறதைக் கேள். அந்தத் தாளை டைப் அடிச்சது நீதான்.

— மெதுவா பேசுங்கலா, கார்த்திகேசு அண்ணே! எந்தத் தாளு?

— ரோம் விழுந்த செய்தி போட்ட கள்ளத் தாள். நேற்று ஜப்பான்காரன்ர கெம்பித்தாய் பொலிஸ் என்னைக் கொண்டுபோய் மேசையில அதைப் போட்டாங்கள். 'நீ இங்கிலீஷ் பேப்பரில பதினெட்டு வருசம் சப்-எடிட்டர், இது ஆரின்ர எழுத்து நடையெண்டு சொல்லு' எண்டாங்கள்.

— பேரே போடலியே அண்ணே. ஊருல எத்தனை பேரு திருட்டு ரேடியோ கேட்டு எழுதுறான்!

— எழுதுறாங்கள். எல்லாரும் 'ரோம் விழுந்திட்டுது' எண்டு கத்துறாங்கள். நீ மட்டும் 'அன்கன்ஃபர்ம்ட்', உறுதியில்லையெண்டு போடுறாய். தாசேக் கெலுகோரில ஆள் பிடிச்ச செய்திக்கு 'அக்கார்டிங் டு அன் ஐவிட்னஸ்', கண்ணால கண்டவர் சொன்னதெண்டு. தலை போற வேலையில ஆரடா இதுகளை இவ்வளவு ஒழுங்காப் போடுவான்?

— பேப்பர்ல வேலை கத்துக் குடுத்தப்ப நீங்கதானே அண்ணே சொன்னீங்க, பாக்காதத பாத்த மாதிரி எழுதுனா கைய ஒடிப்பேன்னு! எனக்கு வேற மாதிரி எழுத வரல.

— சொன்னனான். அந்த வாயில இப்ப நானே அடிக்க வேணும் போல கிடக்கு.

— அவங்ககிட்ட என் பேரைச் சொல்லிட்டீங்களா? வீட்டுல நூர்ஜான் மாசமா இருக்கா, அண்ணே.

— விசரா, உன்ர பேரைச் சொல்லுவனோ? தெரியாதெண்டன். நகத்துக்குள்ள ஊசி ஏத்தினாங்கள். பொறுக்கேலாமல் ஒரு பேர் சொன்னன்.

— யாரு பேரு?

— எங்கட ப்ரூஃப் ரீடர் விநாசித்தம்பி. தாள் ரெண்டு மாசத்துக்கு முந்தினது. அவன் போன மாசம் மலேரியாவில போயிட்டான். செத்தவனை ஆரால என்ன செய்யேலும்? நீ தப்பிட்டாய், ராசா.

— அல்லாவே…

— ஏன் முழிக்கிறாய்?

— காலையில அவர் வீட்டுக்கு லாரி வந்துச்சு அண்ணே. அவர் சம்சாரம் அருந்ததி அக்காவ ஏத்திட்டுப் போயிட்டாங்க. ஏன்னு புரியாமத்தான் உங்ககிட்ட ஓடி வந்தேன்.

— முருகா! இல்லை, இராது. சந்தையில ஆரோ கதைச்சதாயிருக்கும். நீ கேட்டதுதானே? கேட்டதெண்டு சொல்லடா!

— கண்ணால பாத்தேன் அண்ணே. கைக்குழந்தைய எங்கிட்டதான் குடுத்துட்டுப் போனாங்க. இப்ப நூர்ஜான் மடியில கிடந்து அழுவுது.