எட்டு குப்பத்தைத் தள்ளிவெச்ச நாடு

...இல்ல, நான் கேக்குறேன், கொடி இல்லாம ஒரு நாடு கீதா? நீயே சொல்லு ஜெயவேலு. குந்து, குந்து. ஏன் நின்னுகினே கீற? இஞ்சினைப் பிரிச்சாச்சி, இனிமே அவசரப்பட்டு இன்னா ஆவப்போவுது. அந்த ஸ்டூல் மேல கீற ஸ்பேனரைக் கீய வெச்சிட்டு குந்து. தாமோதரன் மெக்கானிக் கடைக்கு வந்தா ரெண்டு வார்த்தை கேட்டுட்டுத்தான் போவணும், திருவொத்தியூரு பூரா தெரியும்.

இன்னாடா, தள்ளிவெச்ச குப்பத்துக்காரன் இஞ்சினை இந்தாளு தொடுறானேன்னு பாக்குறியா? கடை வேற, நாடு வேற.

இந்தப் பொட்டி சமாச்சாரத்தை மொதல்ல ஆரம்பிச்சது யாரு? நானு. அதுக்கு மின்னாடி அல்லாரும் எவனோ கம்பெனிக்காரன் தொறந்துவெச்ச எடத்துல போயி போட்டோ போட்டுகினு இருந்தீங்க. அவன் நெனச்சா காட்டுவான், நெனச்சா மறைப்பான். நான்தான் சொன்னேன், மொதலாளியே வாணாம், குப்பத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் பொட்டி, நம்ம ஜனம் எய்துறது, போட்டோ போடுறது அல்லாம் அதுலயே இருக்கட்டும். அந்தந்தப் பொட்டி அந்தந்தக் குப்பத்துது. பொட்டியும் பொட்டியும் அதுங்களே பேசிக்கும். இங்க ஒருத்தன் 'காத்து திரும்புது'ன்னு எய்தினா ஒம்போது குப்பத்துலயும் போன்ல தெரியும். அதோ, அலமாரி மேல பச்சை லைட்டு எரியுது பாரு, அதான் எங்க குப்பத்துப் பொட்டி.

நல்லாத்தான் போச்சி. எங்க குப்பத்துல மட்டும் நானூறு பேரு. ஆனா இன்னா பண்றானுங்க? மீன் போட்டோ, குட்மார்னிங்கு, எவன் வூட்டு ஆடோ காணோம். இது கும்பலுப்பா, நாடு இல்ல. நாடு எப்டிக் கட்டுறதுன்னு போன்ல ஒரு ஆளு ரெண்டு மணி நேரம் பேசுறான், புட்டுப் புட்டு வெக்கிறான். கொடி வேணும்ன்றான், பாட்டு வேணும்ன்றான், சட்டம் வேணும்ன்றான். எல்லாத்துக்கும் மேல ஒரு எதிரி வேணுமாம். எதிரி இல்லாம எந்த நாடும் ஒண்ணு சேந்ததா சரித்திரமே இல்லியாம்.

கொடி தச்சேன். புஷ்பவல்லி, என் வூட்டுக்காரி, அவ நீலப் பொடவையை வெட்டி நடுவுல வஞ்சிர மீனு. அன்னிக்கி ஆரம்பிச்ச பேஜாரு, இன்னும் சோறு கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கிறா. பாட்டு நானே எய்தினேன், பதினாறு அடி. நானே பாடி பொட்டில போட்டேன். தெனம் காத்தால அல்லாரும் நின்னுகினு கேக்கணும்னு சட்டம். கடலுக்குப் போனவன் எப்டி நிப்பான்னு ஒருத்தன் கேக்குறான். போட்டுலயே நில்றான்னேன். தப்பா?

எதிரிக்குத்தான் கொஞ்சம் அலைஞ்சேன். நல்ல வேளை, உங்க குப்பம் கெடச்சிச்சி. சொம்மா சொல்லு, என் பாட்டுக்குக் கீய சிரிப்பு பொம்மை போட்டது யாரு? நாப்பத்திரெண்டு பொம்மை, நானே எண்ணிப் பாத்தேன். நம்ம பக்கம் வயக்கம் இன்னா? ஊரு பேச்சை மீறினவனைத் தள்ளி வெக்கிறது. பேசக் கூடாது, நெருப்பு குடுக்கக் கூடாது, சாவுக்குப் போவக் கூடாது. அதையே பண்ணேன். ஒரு பட்டன்தான். அமுக்கினா, நீங்க இன்னா எய்தினாலும் எங்க பொட்டிக்கு வராது. அதுக்கு ஊரு கூடணும்ன்றியா? கூடினா கூச்சல்தான். நான் ஒண்டியா கூடினேன்.

அப்பால ஒண்ணொண்ணா... நான் எடுத்த ஜனக் கணக்கெடுப்புக்குப் பதில் சொல்லாத குப்பம். கொடி நாளன்னிக்கி வாழ்த்து போடாம பொட்டில எறா வெல போட்ட குப்பம். 'ஏன் மாமு உனுக்கு இந்த வேல'ன்னு கேட்ட குப்பம். எட்டையும் தள்ளிவெச்சிட்டேன். நாடு சுத்தமா இருந்துச்சி.

இந்த பவானி இன்னா பண்ணா? ஏலம் கூவுற பொம்பள. உங்க பொட்டி அவ வூட்டு பிரிட்ஜ் மேல கீது. கொடி கெடையாது, பாட்டு கெடையாது. எவன் எய்தினாலும் 'கரை சேந்துட்டியா, கொயந்தைக்கு ஜொரம் வுட்டுச்சா'ன்னு கேக்குறா. இதெல்லாம் ஒரு ஆட்சியா? அந்தப் பொட்டிக்குப் போயி எங்க ஜனம் நானூறு பேரும் ஒரே நாள்ல பூட்டாங்க. புஷ்பவல்லி உட்பட. ஒரே வூட்டுல அவ ஒரு நாடு, நான் ஒரு நாடு. அவ போனு டிங்கு டிங்குன்னுது. என் பொட்டில நான் எய்தினத்த நானே படிச்சிகினு குந்தினு கீறேன்.

ஏன் பூட்டாங்கன்னா...

இன்னா அப்டிப் பாக்குற? தெரியும் நைனா. இதான் அந்த இஞ்சினு, பிரிக்கும்போதே தெரிஞ்சிச்சி. நீ எண்ணூருக்கு நேரா நின்னுகினு, 'இஞ்சின் நின்னுபூச்சி, யாருனா வாங்க'ன்னு எய்தின. மத்த குப்பத்து போட்டெல்லாம் தூரத்துல இருந்துச்சி. அவங்க வர்றதுக்குள்ள தண்ணி உன்னை இழுத்துகினு பூட்டுச்சி. எங்க போட்டு ரெண்டு, அரை மணி தூரத்துல. போனு அவனுங்க கையிலதான் இருந்துச்சி. காத்தால நேரம்... நின்னுகினு என் பாட்டைக் கேட்டுகினு இருந்தானுங்களாம். நீ எய்தினது அவனுங்களுக்கு வரல. நான் அமுக்கின பட்டன் அது. மறுநா மத்தியானம் பயவேற்காட்டுக்காரன் உன்னை இட்டுகினு வர்ற வரைக்கும் உங்கம்மா கரையிலயே குந்தினு இருந்துச்சாமே.

தப்பு பண்ணிட்டேன் ஜெயவேலு. தூக்கமே வர்ல.

பவானியாண்ட போயி என்னையும் சேத்துக்கோன்னு கேட்டேன். அவ சொல்றா, 'உன் சட்டத்துல பதினாலாவது ஒண்ணுதான் உருப்படி, அத்த மட்டும் நாங்க வெச்சிகினோம்'ன்றா. இன்னா தெரியுமா அது? ஊரோட ஒறவை அறுத்தவன் திரும்பி வரணும்னா, அவனால அடிபட்டவன் ஒருத்தன் ஜாமீன் நிக்கணும். நான்தான் எய்தினேன். உங்க குப்பத்துக்காரங்க ஒரு நாளு என் கடை வாசல்ல வந்து நிப்பீங்கன்னு நெனச்சி எய்தினேன்.

ஒரு வார்த்தை எய்து நைனா. 'இந்தாளை எனுக்குத் தெரியும்'னு, அவ்ளோதான். ஆங்... இஞ்சினை ஏன் தூக்குற? இன்னும் மூடவே இல்ல. ஜெயவேலு, தோள்ல வெக்காத, எண்ணெய் ஒயுவுது, சட்டை கலீஜாவுது பாரு. டேய், பிளக்கு என் கையிலயே கீதுடா, இது இல்லாம ஓடாது. திரும்பவும் நடுக்கடல்ல நிப்ப.

சரி, நீ போ, நானே எடுத்துகினு வந்து மாட்டித் தரேன். உங்க குப்பத்துக்குள்ள என்னை வுடுவாங்களா? யாருனா ஒருத்தர் வாசல்லயாவது நின்னு, தெரிஞ்ச ஆளுதான்னு சொல்லணுமே.