யன்னலில் நின்ற நோனா

தேத்தண்ணியை ஆறவிடாதீர்கள், மிஸ். இந்த அறையில் ஏ.சி. கொஞ்சம் கூட. கோப்பையை வைத்துவிட்டுக் கதைக்கத் தொடங்கினால் பிறகு பச்சைத்தண்ணி மாதிரி இருக்கும். சீனி காணாவிட்டால் சொல்லுங்கள்.

இந்த வெயிலுக்குள் புதுக்கடைக் கோர்ட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள். நாகேஸ்வரியின் அம்மா உங்களிடம் வழக்கைக் கொடுத்திருக்கிறா என்று நீங்கள் டெலிபோனில் சொன்னபோதே நான் உங்களை வரச்சொன்னேன். சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதையும் திறந்திருக்கிற நேரம், இப்படியான விசயங்களைக் கேட்கத்தான் வேண்டும். நீங்கள் கேட்டது இரண்டு. அவள் எங்கள் கம்பனியில் வேலை செய்தவள் என்று கோர்ட்டில் வந்து சொல்வேனா என்பது ஒன்று. சொல்வேன். அதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. மற்றது, பென்சன் எடுத்த அந்த இன்ஸ்பெக்டர் உங்களிடம் சொன்ன நோனா யார் என்பது. அதற்கும் வருகிறேன். கொஞ்சம் முன்னுக்கிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு இங்கே டைப்பிஸ்ட்டாக வந்து சேர்ந்தேன். எங்கள் முதலாளி தாஸிம் சேரின் வாப்பா இருந்த காலம். அப்போதும் இதே தேயிலை ஏற்றுமதிதான், கட்டிடம்தான் சின்னது. கல்யாணம் முடித்தேன். என் அவர், றேமண்ட், துறைமுகத்தில் வேலை செய்து முதுகில் அடிபட்டு வீட்டோடு இருந்துவிட்டார். குடிக்கிறவர் இல்லை. உழைக்கிறவரும் இல்லை. இரண்டு பெட்டைப் பிள்ளைகளையும் கொன்வென்ட்டில் படிப்பித்தது நான்தான்.

சிங்களம் எனக்கு வீட்டுப் பாசை மாதிரி. கவுண்தான் உடுப்பேன், பொட்டு எங்களுக்கு வழக்கமில்லை. பஸ்ஸிலோ செக்பொயின்ட்டிலோ என்னை ஒருவரும் இரண்டாந்தரம் பார்ப்பதில்லை. எண்பத்துமூன்று கலவரத்தில் எங்கள் வீட்டைக் காப்பாற்றியதும் அதுதான். நான் வாசலில் நின்று சிங்களத்தில் கதைத்தேன், வந்தவர்கள் ஏதோ சிங்களப் பெண்மணி என்று நினைத்து, சரி நோனா என்று அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வீட்டில் நடந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்.

நாகேஸ்வரியை இந்தக் கந்தோருக்குள் கொண்டுவந்ததே நான்தான். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்த அடுத்த வருசம் அவள் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்திருந்தாள். நேர்முகத்துக்கு வந்த அன்று அவளுடைய செருப்பு வார் அறுந்து, ஊசி குத்தியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. தாஸிம் சேரிடம், "இந்தப் பிள்ளையை எடுங்கள் சேர், இங்கிலீஷ் நல்லா எழுதுறா" என்று சொன்னேன். உண்மையில் அவ்வளவு நன்றாக எழுதுவாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மத்தியானத்தில் நாங்கள் இரண்டுபேரும்தான் ஒன்றாகச் சாப்பிடுவோம். லொட்ஜில் சமைக்க விடமாட்டார்கள், அவள் கடைச் சோற்றுப் பார்சல்தான் கொண்டுவருவாள். நான் வீட்டிலிருந்து அவளுக்கும் சேர்த்து மீன்குழம்பு கொண்டுவருவேன். "ஐறீன் அக்கா, நீங்கள் இல்லாட்டி நான் இந்த ஊரிலை பைத்தியக்காரியாப் போயிருப்பன்" என்பாள். அவளுக்குச் சிங்களம் வராது. பொலிஸ் பதிவுக்கு நான்தான் கூடப்போய்க் கதைத்துவிட்டு வருவேன்.

வேலையில் அவள் கெட்டிக்காரி. அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. கொஞ்சக் காலத்துக்குள் வெளிநாட்டுக்காரர்கள் அவளைக் கேட்டே டெலிபோன் எடுக்கத் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் மனேஜர் சவுந்தரநாயகம், பிள்ளைகள் கூப்பிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போக ஆயத்தமானார். அவர் கதிரை எனக்குத்தான் என்று கந்தோரில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் வீட்டில் சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் தாஸிம் சேர் கூப்பிட்டார். "ஐறீன், ஒங்களுக்குத்தான் இந்த எடம் முழுக்கத் தெரியும். அந்தப் புள்ளைக்கி எல்லாத்தையும் நல்லாப் பழக்கிக் குடுங்க. அவவத்தான் மனேஜராப் போடப் போறன்."

"நல்லது சேர்" என்றேன். வெளியே வந்து அவருக்குத் தேத்தண்ணி அனுப்பச் சொன்னேன்.

நான் கோபக்காரி இல்லை. அவளிடம் ஒரு சொல் கடுமையாகச் சொன்னதில்லை. ஒரு கந்தோரில் தன் இடத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் அங்கே நிலைக்கமாட்டாள், அவ்வளவுதான். சிங்கள அதிகாரிகள் வருகிற கூட்டங்களுக்கு அவளைக் கூப்பிடாமல் விட்டேன், பாசை தெரியாமல் வெட்கப்படுவாளே என்று. அவளிடமிருந்து வரவேண்டிய ஒன்றிரண்டு வேலை பிந்தியபோது, ஏன் பிந்தியது என்று சேருக்கு நான் விளக்கப்போகவில்லை. கந்தோர் அடையாள அட்டை புதுசாக அடித்தபோது எல்லோருக்கும் கொடுத்தேன், அவளுடையது மட்டும் என் மேசை லாச்சிக்குள் இருந்துவிட்டது. மறந்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்லவில்லை. அட்டை இல்லாதவள் செக்பொயின்ட்டில் மறிபடுவாள், வேலைக்குப் பிந்தி வருவாள், அதைச் சேர் கவனிப்பார் என்று நினைத்தேன். அதற்கு மேலே ஒன்றும் நினைக்கவில்லை.

அந்தக் கிழமை நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. வெள்ளிக்கிழமை விடியவே வெள்ளவத்தையைச் சுற்றிவளைத்துவிட்டார்கள் என்று பஸ்ஸிலேயே கதை. நாகேஸ்வரி வேலைக்கு வரவில்லை. மத்தியானம் தாஸிம் சேரும் மற்ற முஸ்லிம் ஆட்களும் ஜும்ஆவுக்குப் போனார்கள். சிங்களப் பிள்ளைகள் கடைப்பக்கம் போனார்கள். நான் தனியே சாப்பாட்டைத் திறந்தேன்.

அப்போது அந்த இன்ஸ்பெக்டர் படியேறி வந்தார். மரியாதையான மனிதர். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கதைத்தார். சுற்றிவளைப்பில் பிடிபட்ட பெண்களைக் கீழே ஜீப்பில் வைத்திருப்பதாகவும், வேறிடத்துக்குக் கொண்டுபோகிற வழியில் வந்ததாகவும் சொன்னார். அதில் ஒருத்தி இந்தக் கம்பனியில் வேலை என்று அழுதபடி சொல்கிறாள், கையில் அட்டை இல்லை. "நோனா ஆமென்று சொன்னால் இங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடுவேன், எனக்கும் ஒரு வேலை குறையும்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்.

நான் யன்னலைத் திறந்து பார்த்தேன். காலி வீதி ஓரமாக ஜீப் நின்றது. பின்பக்கத்தில் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். நாகேஸ்வரி ஓரத்தில் இருந்தாள். வீட்டு உடுப்பு, தலைமயிர் வாராமல் இருந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். என்னைக் கண்டதும் அவளுடைய முகம் அப்படியே தெளிந்துவிட்டது. சிரித்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். பிறகு கையை உயர்த்தினாள்.

"மே கெனா தன்னவாத, நோனா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இந்த ஆளைத் தெரியுமா என்று.

திங்கட்கிழமை சேர் எல்லோரையும் கூப்பிட்டு மனேஜர் யாரென்று சொல்வதாக இருந்தார். எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு மூன்று நாள் அவள் உள்ளே இருந்தால், சேர் கொஞ்சம் யோசிப்பார். பொலிஸ் வாசல் ஏறுகிற ஒருத்தியை மேலே வைப்பதா என்று யோசிப்பார். அவ்வளவு போதும் எனக்கு.

"நே மஹத்தயா, மம தன்னே நே" என்றேன். தெரியாது என்று.

அவர் உடனே போகவில்லை. "நல்லாப் பாருங்கள் நோனா, அவள் உங்களுக்குத்தான் கை காட்டுகிறாள்" என்றார்.

"பாவம், யாரைக் கண்டாலும் அப்படித்தான் காட்டுவாள்" என்றேன். ஏ.சி. வெளியே போகிறதே என்று யன்னலைச் சாத்தினேன்.

ஆகவே அந்த நோனா நான்தான், மிஸ். அவர் பெயர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் கவுணின் நிறம்வரைக்கும் அவர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார் என்றால், அவருடைய ஞாபகசக்தியை மெச்சத்தான் வேண்டும்.

தொழுகை முடிந்து வந்த தாஸிம் சேருக்கு, நாகேஸ்வரியைப் பிடித்துவிட்டார்கள் என்று நான்தான் சொன்னேன். மனிதர் உடனே கார்த் திறப்பை எடுத்தார். "வாங்க ஐறீன், போய் நம்ம ஆளுன்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு வருவம்" என்றார்.

நான் வாசலில் நின்று மறித்தேன். "சேர், குண்டு வெடித்த கிழமை. உங்கள் பெயரும் கம்பனியின் பெயரும் இதற்குள் வரவேண்டுமா? நான் சிங்களம் கதைக்கிறவள், நான் போகிறேன்" என்றேன். அவர் கண் கலங்கி என் தலையில் கைவைத்தார். பொலிஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடை இருந்தது. அதில் ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பிவந்தேன். விசாரணை முடியாமல் விடமாட்டார்களாம் என்று சேரிடம் சொன்னேன். அடுத்த கிழமையும் அப்படியே போய்வந்தேன்.

இரண்டு மூன்று நாள்தான் என்று நினைத்தேன் என்று சொன்னேன் அல்லவா. அது நான் நினைத்தபடி நடக்கவில்லை. தெற்குப் பக்கம் ஒரு தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விடுதலையான ஒரு பெண் அங்கே அவளைக் கண்டதாகவும், பிறகு வேறெங்கோ மாற்றிவிட்டதாகவும் சொன்னாள். அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. நான் மனேஜரானேன். இந்த அறை அப்படி வந்ததுதான்.

அவளுடைய அம்மா கப்பலேறிக் கொழும்புக்கு வந்தா. ஒரு சொல் சிங்களம் தெரியாது. கந்தோர் வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உம்மை விட்டா எனக்கு இஞ்சை ஆர் பிள்ளை இருக்கினம்" என்று அழுதா. நான் கைவிடவில்லை. லீவு போட்டுவிட்டு முகாம் முகாமாகக் கூட்டிக்கொண்டு போனேன். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் கூட்டிப்போய், காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அம்மா என்று சொல்லி மெழுகுதிரி கொளுத்திக் கொடுத்தேன். அந்த மனுசி தன் மகளுக்கு ஒன்றும் எனக்கு ஒன்றுமாகக் கொளுத்துவா.

முகாம்களில் அவ தமிழில் சொல்வா, நான் சிங்களத்தில் சொல்வேன். மகளுடைய பெயர், வயது, ஊர், பிடித்த நாள், எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். "என்ரை பிள்ளை ஒண்டுக்கும் போகாதவள், ஐயா. கொள்ளுப்பிட்டியிலை கம்பனியிலை வேலை செய்தவள். வந்து கேட்டுப் பாருங்கோ" என்று ஒவ்வொரு இடத்திலும் சொல்லிக் கும்பிடுவா. அந்த ஒன்றை மட்டும் நான் சிங்களத்தில் சொல்லவில்லை. கேட்டுப் பார்க்க வந்தால் இங்கே என்னிடம்தானே வருவார்கள். அதிகாரிமார் என் முகத்தைப் பார்ப்பார்கள், நான், மகளைத் தேடி அழுகிறா என்று சொல்வேன். அவர்களும் தலையை ஆட்டுவார்கள். ஒரு முகாமில் நல்ல அதிகாரி ஒருவர், பொறுப்பேற்க இங்கே வேலை கொடுத்தவர் யாராவது உண்டா, இருந்தால் பெயரைத் தேடிப் பார்க்கலாம் என்று கேட்டார். அம்மா என்ன கேட்கிறார் என்று என்னைப் பார்த்தா. கடவுளை மன்றாடச் சொல்கிறார் என்றேன்.

இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை. சொல்வதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. நான் ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒருவர்மேலும் கைவைக்கவில்லை. கோர்ட்டில் கூப்பிட்டால் வருவேன், நாகேஸ்வரி எங்கள் கம்பனியில் வேலை செய்தவள்தான் என்று பைபிளில் கைவைத்துச் சொல்வேன். சிங்களத்திலேயே சொல்வேன், உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

எனக்குள்ள குறை ஒன்றுதான், மிஸ். இவ்வளவு வருசமாக அந்த அம்மாவோடு வெயிலிலும் மழையிலும் அலைந்தவள் நான். வழக்குப் போடப் போகிறேன் என்று என்னிடம் ஒரு சொல் கேட்காமல், முன்பின் தெரியாத உங்களிடம் வந்திருக்கிறாவே, அதை நினைத்தால்தான் எனக்கு மனம் வலிக்கிறது.