உள்ளே வராத குரல்

ஸ்வரூபா: மணி பத்தே முக்கால். பதினொண்ணுக்கு விசாரணை. அதுக்காக அன்னிக்கே மூடி வெச்ச என் மேசையை இப்பதான் திறந்தாங்க, அதுக்குள்ள ஓடி வந்துட்டீங்களே, நெட்வொர்க் தம்பி?

நரேந்தர்: கொஞ்சம் நகருங்க அக்கா. மேசைக்குக் கீழ அந்தப் பெட்டி… ரெண்டே நிமிஷம்.

ஸ்வரூபா: தொடாதே.

நரேந்தர்: என்ன?

ஸ்வரூபா: எது மேலயும் கை வைக்காதே. 'லைன் நல்லாத்தான் இருக்கு, அந்தம்மாதான் ஆம்புலன்ஸ் கேட்டவரைக் கட் பண்ணுச்சு'ன்னு எழுதிக் கொடுத்தியே. நல்லா இருக்கிறதுல என்ன வேலை உனக்கு?

நரேந்தர்: நீங்கதானே கட் பண்ணீங்க…

ஸ்வரூபா: மூணு ஹலோ சொன்னேன். மூச்சுக்கூடக் கேக்கல. மூணு ஹலோவுக்குப் பதில் இல்லேன்னா வெச்சுடணும். இந்த ரூம்ல எல்லாரும் அப்படித்தான்.

நரேந்தர்: அதையே அங்க சொல்லுங்க.

ஸ்வரூபா: ஆம்புலன்ஸ் கேட்ட அந்தக் கொமுரய்யா வாசல்ல நின்னு கத்தினது உனக்குத் தெரியாது. 'அவ குரல் எனக்குக் கேட்டுச்சு. நான் கதறினேன். விளையாட்டா போச்சான்னு திட்டிட்டு வெச்சுட்டா'ன்னார். ஆத்மகூர்லேர்ந்து வாரங்கல் வரைக்கும் பொண்டாட்டியை ஆட்டோல போட்டுக் கொண்டு வந்தார். வழியிலேயே…

நரேந்தர்: மெதுவா பேசுங்க அக்கா.

ஸ்வரூபா: ஏன் மெதுவா? என் குரல் அவருக்குப் போச்சு. அவர் குரல் ஏன் எனக்கு வரல?

நரேந்தர்: இன்டர்நெட் போன்ல… சில சமயம் அப்படி ஆகும்.

ஸ்வரூபா: தானாவா?

நரேந்தர்: நகருங்க அக்கா, நேரமாகுது.

ஸ்வரூபா: தானாவான்னு கேட்டேன்.

நரேந்தர்: மணி அடிக்கிறது ஒரு வழியா வரும், பேச்சு வேற வழியா வரும். அன்னிக்குக் காலைல உங்க மேசைக்கு மட்டும் இந்தப் பெட்டியை வெச்சேன், புது ஃபயர்வால், வேண்டாததை மறிக்கிறது. மணி வர்ற வழியைத் திறந்துட்டேன்.

ஸ்வரூபா: பேச்சு?

நரேந்தர்: இங்கேருந்து போகும். வெளியேருந்து வர்றதை மறிச்சிடுச்சு.

ஸ்வரூபா: ஒரு தடவை பேசிப் பாக்கலையா நீ?

நரேந்தர்: மச்சான் வீட்டு விசேஷம். பிரியாணி ஆறுதுன்னு கூப்பிட்டுட்டே இருந்தாங்க. மணி அடிச்சுது, போதும்னு கிளம்பிட்டேன்.

ஸ்வரூபா: பிரியாணி ஆறுதுன்னு!

நரேந்தர்: நான் ஒப்பந்த ஆளு அக்கா. தெரிஞ்சா இன்னிக்கே வெளியே. உங்களை அதட்டிட்டு விட்டுடுவாங்க.

ஸ்வரூபா: யார் சொன்னது, உன் மச்சானா? எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?

நரேந்தர்: அன்னிக்கு சாயந்திரமே. ஃபயர்வாலுக்கு வெளியே ஒரு பெட்டில எல்லா அழைப்பும் பதிவாகும்… போட்டுக் கேட்டேன்.

ஸ்வரூபா: அவர் குரல் இருக்கா?

நரேந்தர்: தெளிவா.

ஸ்வரூபா: என்ன சொல்றார்?

நரேந்தர்: விடுங்களேன்.

ஸ்வரூபா: சொல்லுடா!

நரேந்தர்: ஊர் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்றார். நீங்க ஒவ்வொரு ஹலோ சொல்றப்பவும், 'இருக்கேம்மா, பேசிட்டுத்தான் இருக்கேன், வெச்சுடாதே'ன்னு… போதுமா? இப்ப நகருங்க. சரி பண்ணிட்டா யாருக்கும் தெரியாது.

ஸ்வரூபா: நீ வர்றதுக்கு முன்னாடியே இந்த போன்லேர்ந்தே ஒருத்தரைக் கூப்பிட்டுட்டேன். 'நீங்க பேசினா எனக்குக் கேக்காது, இங்க பேசறது உங்களுக்குக் கேக்கும், வெச்சுடாதீங்க'ன்னு சொன்னேன்… கொமுரய்யா அண்ணா, இருக்கீங்களா?